குழியானைக்கு இறக்கை முளைக்குமா

பங்குனியில் எனக்கு ஓய்வு. இருபத்தெட்டு வருடமாக ஓசூரில் ஒரே தொழிற்சாலை, மூக்கண்டப்பள்ளியில் ஒரே அறை. இனி கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டில் இருக்கிற என் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் இதை என் மனைவி செல்லத்தாயிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்:

"வந்து? ரெண்டு பேரும் என்னத்தப் பேசிக்கிட்டு இருப்போம்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவளோ பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டாள். அங்கே மழை உண்டா என்று கேட்டேன்.

இத்தனைக்கும் தொழிற்சாலையில் எனக்கு ரேடியோ என்று பெயர். டீக்கடை, பஸ், சலூன் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்க வைத்துவிடுவேன். ஜனங்கள் சொல்கிற சொல் என்றால் எனக்கு அவ்வளவு ஆசை. பத்து வருடத்துக்கு முன் ஒரு செருப்புத் தைப்பவர் சொன்னதைக்கூட இன்றைக்கு அப்படியே சொல்வேன். ஆனால் வீட்டுக்குப் போன் பண்ணினால் சாப்பாடு, மாத்திரை, மழை. மூன்று நிமிடத்தில் மூன்றும் தீர்ந்துவிடும்.

கல்யாணமான புதிதில் செல்லத்தாய் எட்டு மாதம் இந்த அறையில் இருந்தாள். அப்புறம் என் அப்பா படுக்கையில் விழுந்தார். பார்த்துக்கொள்ளப் போனவள் நிலம், மாடு, மகள் என்று அங்கேயே தங்கிவிட்டாள். அந்த எட்டு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான். பக்கத்து அறைப் பெண்கள் வேன் பிடித்து ஜவளகிரிக்கு அந்தப் பக்கம் ஓர் அருவிக்குப் போய்வந்து கதை கதையாகச் சொன்னார்கள். நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவோமா என்றாள். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஓவர்டைம் இருந்தது. இப்போது மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. செல்லத்தாய்க்கு முழங்கால் மடங்காது. மலை ஏற முடியாது.

அந்த அருவிக்கு நான் மட்டுமாவது போய்வருகிறேன் என்றேன். "போயிட்டு வந்து சொல்லுங்க," என்று போனை வைத்தாள்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, முதல் ஷிப்ட் முடிந்த கையோடு கிளம்பினேன். எங்கள் லைனில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் சுரேஷுக்கு ஜவளகிரிப் பக்கம்தான் ஊர். தன் அப்பா அம்மா கூட்டிப்போவார்கள் என்று சொல்லியிருந்தான். அவசரத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொழிற்சாலை லாக்கரிலேயே வைத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் வந்துதான் தெரிந்தது. எனக்குத் தள்ளி இருப்பது துல்லியமாகத் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் கலங்கும். அருவி தள்ளித்தானே இருக்கும் என்று பஸ் ஏறிவிட்டேன்.

தளி பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும், "உள்ள போங்க, உள்ள போங்க, ஊரே உள்ளதான் இருக்குது," என்று சொல்லிக்கொண்டே வந்தார். இதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன். ரோஜாப் பூ வளர்க்கிற பிளாஸ்டிக் கொட்டகைகள் வெள்ளை வெள்ளையாகக் கடந்து போயின. தளிக்கு முன்னால் ஒரு மேட்டில் கியர் விழாமல் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். ஒருவர் போனில் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். 'நான் வந்துவிட்டேன் என்றே அண்ணியிடம் சொல். பஸ்தான் இன்னும் வரவில்லை' என்றார். இதையும் முடிந்துகொண்டேன்.

பஸ் நின்ற இடத்துக்குக் கீழே ஒரு ராகிக் கொல்லை. அதன் ஓரம் முழுக்கப் பேயெள்ளு பூத்திருந்தது. எங்கள் ஊர் எள்ளுக்கு வெளுத்த பூ. இது சூரியகாந்தியைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கியதுபோல் மஞ்சள். ஒவ்வொரு பூவிலும் ஒரு தேனீ. முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுரேஷின் அப்பா வெங்கடப்பா, அம்மா முனியம்மா. இருவருக்கும் அறுபதுக்குப் பக்கத்தில் வயது. புரட்டாசி சனிக்கிழமை என்பதால் அவர் நெற்றி நிறைய நாமம் போட்டிருந்தார். வீட்டில் அவர் பேசுவது கன்னடம், அந்த அம்மா பேசுவது தெலுங்கு. அவர் கன்னடத்தில் ஒன்று சொன்னால் அந்த அம்மா தெலுங்கில் அதை மறுப்பார். என்னிடம் மட்டும் தமிழ். ஓசூரில் இத்தனை வருடம் இருந்ததில் எனக்கு மூன்றும் புரியும் என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிச் சண்டை எனக்குக் கிடைத்திருக்காது.

ராத்திரிச் சாப்பாடு ராகிக் களியும் கீரை மசியலும். நான் களியைப் பிட்டு வாயில் போட்டு மென்றேன். முனியம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"மெல்லாதீங்கண்ணா. அது மெல்றதுக்கு இல்ல. உருட்டி, தொட்டு, முழுங்கணும்."

விழுங்கினேன். நெஞ்சில் நின்று யோசித்துவிட்டு இறங்கியது. கம்பஞ்சோற்றில் வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் மெல்லாமல் விழுங்கினால் அடிப்பார்கள்.

"பொம்பளை சொல்றத மட்டும் மெல்லாம முழுங்கிடணும் சார். மென்னா தொண்டையில நின்னுக்கும்," என்றார் வெங்கடப்பா.

"இவரு ஒருநாளாச்சும் முழுங்குனாரான்னு கேளுங்க," என்றார் முனியம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கத் தொடங்கினோம். யானை இன்னும் இறங்கவில்லை, ஆனால் வருகிற நாள்தான் என்றார்கள். மத்தியானத்துக்குள் திரும்பிவிடச் சொல்லி வனத்துறைக் காவலர் அனுப்பினார். ராகிக் கொல்லைகளில் யானைக் காவலுக்கு மரத்தின் மேல் பரண் கட்டியிருந்தது. ஒரு பரணில் யாரோ சட்டையைக் காயப்போட்டிருந்தார்கள்.

அவர்கள் இருவரும் முன்னால். நான் பின்னால். ஒற்றையடிப் பாதையில் மூன்று பேர் சேர்ந்து நடக்க முடியாது.

வேலியில் செங்காந்தள் படர்ந்து பூத்திருந்தது. கீழே மஞ்சள், நுனியில் சிவப்பு, அடுப்பில் விறகு பிடிக்கிற நேரத்து நிறம். அதன் கிழங்கு விஷம் என்றார் அவர். விஷமானாலும் மருந்து என்றார் அந்த அம்மா. அடுத்த திருப்பம் வரைக்கும் அதிலேயே போனது. உண்ணிச்செடிப் புதரில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டாம்பூச்சிகள். பாதையின் குறுக்கே ரயில்பூச்சி ஒன்று தன் அத்தனை கால்களோடும் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. முனியம்மா நின்று வழிவிட்டார். வெங்கடப்பா தாண்டினார். ஏன் தாண்டினீர்கள் என்று ஒரு சண்டை. நாயுருவி விதைகள் என் பேண்டில் முழங்கால் வரை ஒட்டியிருந்தன.

போட்டோ எடுக்கலாம் என்று போனை வெளியே எடுத்தேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலை வாசலில், உள்ளே போகும்போது போன் கேமரா மேல் செக்யூரிட்டி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். வெளியே வந்ததும் எல்லோரும் பிய்த்துப் போடுவார்கள். நான் பிய்ப்பதில்லை. என்னிடம் போட்டோ எடுக்க என்ன இருக்கிறது? நேற்றையதின் மேல் இன்றையது, அதன் மேல் நாளையது என்று அட்டை கனத்துக்கு ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டி எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்தேன். சட்டையில் ஒரு துடை துடைத்துவிட்டு எடுக்க ஆரம்பித்தேன். போன் திரை மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் எனக்குக் கிட்டத்தில் எல்லாமே மங்கல்தான்.

காட்டுக்குள் நுழைந்ததும் சில்வண்டு சத்தம் பிடித்துக்கொண்டது. மிஷின் ஷாப்பில் நிற்பதுபோல இருந்தது. ஓரிடத்தில் பழைய யானை லத்தி, அதன் மேல் வெள்ளைக் காளான். அதைச் சுற்றி சாணி உருட்டிகள். ஒரு வண்டு தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறியது. பாதி ஏறியதும் உருண்டை கீழே வந்தது. மறுபடி ஏறியது. மறுபடி வந்தது. நான்காவது தடவை ஏறி அந்தப் பக்கம் போயே விட்டது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

ஒரு மரத்தில், கைக்கு எட்டாத கிளையில், செவ்வெறும்புகள் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஓர் இலையின் ஓரத்தில் வரிசையாக நின்று, பின்னங்கால்களால் அதைப் பிடித்துக்கொண்டு, அடுத்த இலையை வாயால் கவ்வி இழுத்தன. ஒன்றும் அசையவில்லை. ஷிப்ட் மாறும் வரைக்கும் அப்படியே நிற்குமோ என்னவோ. "இங்க பாரு," என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை. முன்னால் போனவர்கள் மூங்கில் புதரைத் தாண்டி எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் மட்டும் கேட்டது.

எறும்பையும் போட்டோ எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஓடை வந்தது. இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கர்நாடகா என்றார் வெங்கடப்பா. வெளிநாட்டுக்குப் போய்வந்தவர்கள் விமான நிலையத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் என் எல்லையை முழங்கால் தண்ணீரில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தேன். அந்தக் கரையின் ஈர மணலில் பட்டாம்பூச்சிகள் விரித்த துணிபோல அடைந்து உட்கார்ந்திருந்தன. வெளிர் மஞ்சளும் நீலமும். எவ்வளவு அழகு என்றேன். மாடு மூத்திரம் பெய்த இடம் அது, உப்புக்கு வருது என்றார் முனியம்மா. அதற்கப்புறமும் அழகாகத்தான் இருந்தது.

அருவிக்கு நூறடி முன்னால் ஒரு பாறை, கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் மழையே படாத புழுதி. அதில் விரல் நுனி அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள், புனலை மண்ணில் அழுத்தி எடுத்ததுபோல. குழியானை. யானைக் காட்டுக்கு வந்து நான் கண்ட ஒரே யானை. முனியம்மா பாறையோரம் உட்கார்ந்து புல் நுனியால் ஒரு குழியைத் தொட்டார். உள்ளேயிருந்து மண் விசிறி அடித்தது. வெங்கடப்பா அந்தக் குழியை அப்படியே அள்ளி ஊதினார். உள்ளங்கையில் புழுதி நிறத்தில் ஒரு பூச்சி பின்பக்கமாகவே நகர்ந்தது.

இது பெரிசானால் இறக்கை முளைத்துப் பறந்துவிடும் என்றார் முனியம்மா. தும்பி மாதிரி இருக்கும், விளக்குக்கு வரும் என்றார். வெங்கடப்பா ஒப்புக்கொள்ளவில்லை. பிறந்த நாளிலிருந்து குழியில் கிடந்து பின்னாலேயே நடக்கிற ஜந்து எங்கே பறக்கும் என்றார். அவர் குரல் ஏறியது.

"நாப்பது வருசமா உன் கூட ஒரே குழியில இருக்கிறேன். எனக்கு மொளைச்சுதா றெக்கை?"

"மொளைச்சிருந்தா நீ இங்க இருப்பியா?"

அவர் ஏதோ சொல்ல வந்து சிரித்துவிட்டார். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க கம்பெனியில செக் பண்றவரு. பாஸா, ரிஜக்டா, நீங்க சொல்லுங்க சார்."

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாதுதான். சின்ன வயதில் எத்தனையோ குழியானைகளைப் பிடித்து மறுபடி மண்ணில் விட்டிருக்கிறேன். அப்புறம் அது என்ன ஆனது என்று பார்க்க நின்றதில்லை.

அருவி பெரிய அருவி இல்லை. மூன்று மாடி உயரம் இருக்கலாம். தண்ணீர் கொட்டவில்லை, பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்கியது. ஈரப் பாறையிடுக்குகளில் காசித்தும்பையைப் போன்ற குட்டிச் செடிகள் ரோஸ் நிறத்தில் பூத்து, சாரல் படும்போதெல்லாம் தலையை ஆட்டின. தட்டான்கள் தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் நின்று நின்று பறந்தன. அந்த அம்மா களியையும் துவையலையும் இலையில் வைத்தார். உப்பு கூட என்றார் அவர். நேற்று குறைவு என்று சொன்ன வாய்தானே இது என்றார் அந்த அம்மா. நான் என் இலையை எடுத்துக்கொண்டு தள்ளியிருந்த ஒரு பாறையில் போய் உட்கார்ந்தேன். களியை விழுங்கினேன். இந்தத் தடவை நன்றாகவே இறங்கியது. சொல்லத்தான் ஆளில்லை.

சாயங்காலம் அறைக்கு வந்தேன். செல்லத்தாய் போன் பண்ணினாள். "என்ன பாத்தீங்க?" என்றாள். கேட்டதும் எனக்கு வழக்கமான வாய்ப்பூட்டு விழுந்தது. எல்லாம் போட்டோவில் இருக்கிறது, அனுப்புகிறேன், பார்த்துக்கொள் என்றேன். மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். போட்டேன் என்றாள். எடுத்த அத்தனையையும் மொத்தமாக அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க, அந்த மலை பூராம் பனியா?"

பனியெல்லாம் இல்லை, நல்ல வெயில் என்றேன்.

"பொறவு ஒண்ணும் தெரியலியே. ஒவ்வொண்ணாப் பாத்தேன். எல்லாம் ஆவி புடிச்ச மாதிரி இருக்கு."

லாக்கரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். செங்காந்தள் ஒரு சிவப்புக் கறை. பட்டாம்பூச்சிகள் ஒரு மஞ்சள் கறை. எறும்பு ஒன்றுமே இல்லை. கேமரா மேல் விரலை வைத்தேன். பிசுக்கென்று ஒட்டியது. அத்தனை நாள் ஸ்டிக்கரின் பசை அப்படியே இருந்தது. இருபத்தெட்டு வருடமாக இழை அளவு குறையிருந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளி வைக்கிற கை இது. அதற்கு இது தெரியவில்லை.

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"போனாப் போகுது. சோறு சாப்பிட்டாச்சா?" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. இன்றைக்கும் மூன்று நிமிடத்தில் போனை வைத்துவிடுவாள். நாளைக்கும் வைப்பாள். பங்குனி வந்து, இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கும்போது வைப்பதற்குப் போன்கூட இருக்காது.

"வைக்காத. நான் சொல்லுதேன்," என்றேன்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கண்டக்டரிலிருந்து ஆரம்பித்தேன். ஊரே பஸ்ஸுக்குள் இருந்ததைச் சொன்னேன். வந்துவிட்டேன், பஸ்தான் வரவில்லை என்றவரைச் சொன்னேன். அவளிடமிருந்து மூச்சு மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. பேயெள்ளு என்ன நிறம், எவ்வளவு உயரம், எண்ணெய் ஆட்டுவார்களா என்று கேட்டாள். சாணி உருட்டி நாலாவது தடவை மேடேறியதைச் சொன்னபோது ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தாள். களியை மென்ற கதைக்கு, "ஒங்களுக்கு அங்க ஒரு ஆளு வேணும்," என்றாள். அந்தத் தம்பதி போட்ட சண்டைகளை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியாகக் குழியானை.

"அந்தம்மா றெக்கை மொளைக்கும்னு சொல்லுது. அவரு இல்லங்காரு," என்றேன்.

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"பின்னால நடக்கிறது எங்க பறக்கப் போகுது."

"அப்ப குழிக்குள்ளயே கெடந்து செத்துருமாக்கும்?"

"செத்துத்தான் போகும்."

"உளறாதீங்க. அப்படி எந்தச் சீவனும் இருக்காது."

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் உளறாதீர்கள் என்கிறாள். நானும் விடவில்லை. அவளும் விடவில்லை. கடைசியில், நம் தொழுவத்துச் சுவரோரம் நிறையக் கிடக்கிறது, ஒன்றைப் பிடித்து டப்பாவில் போட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று முடித்தாள். போனை வைத்தபோது அது சுட்டது. எவ்வளவு நேரம் பேசினோம் என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் ராத்திரி ஏழரைக்கு அவளே கூப்பிட்டாள். பழைய பிஸ்கட் டப்பா, பாதிக்குத் தொழுவத்துப் புழுதி, உள்ளே ஒன்று. காலையில் விட்டது, மத்தியானத்துக்குள் குழி பறித்துவிட்டது. அதற்கு மறுநாள் மூன்று எறும்பு போட்டிருந்தாள். தின்று முடித்துத் தோலை வெளியே எறிந்ததாம். "ஒங்களமாரிதான். சாப்பிட்டுத் தட்ட அங்கனயே போட்டுட்டுப் போயிரும்," என்றாள். இப்படியே ஐப்பசி போனது, கார்த்திகை போனது. நடுநடுவே நானும் சொன்னேன். கேன்டீனில் யார் என்ன சொன்னார்கள், பஸ்ஸில் என்ன கேட்டது என்றெல்லாம். சுரேஷ் மூலம் ஜவளகிரிக்கும் சேதி போனது. நிலவரம் என்ன என்று வெங்கடப்பா அங்கிருந்து கேட்டு அனுப்பினார்.

மார்கழியில் ஒருநாள் அவள் குரல் இறங்கியிருந்தது.

"குழியக் காணோம். எறும்பு போட்டாலும் அப்படியே ஓடிப்போகுது. மெல்லக் கிண்டிப் பாத்தேன். சுண்டக்காய் கணக்கா மண்ண உருட்டி அதுக்குள்ள போயிருச்சு. செத்துட்டோ என்னமோ."

"பிச்சுப் பாக்காத," என்றேன்.

"நான் எதுக்குப் பிக்கேன். இருந்த மாதிரியே மூடிட்டேன்." பிறகு சொன்னாள்: "டப்பாவ மூடி வச்சா, மொளைச்சாலும் பறக்க எடமில்ல. தொறந்து வச்சா, ராவோட ராவாப் போயிரும். போயிட்டுன்னு நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. பங்குனி வரைக்கும் அது இருக்காது. வெரசா வாங்க."

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் நாலு நாள் லீவு கேட்டேன். இருபத்தெட்டு வருடத்தில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர நான் லீவு கேட்டதில்லை. யாருக்கு என்ன என்று பதறிப்போய்ப் படிவத்தை நீட்டினார். ஒன்றுமில்லை என்றேன். காரணம் என்று போட்டிருந்த இடத்தில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீட்டில் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.